பஞ்சு இல்லாத பத்து நிமிடம்

தபாலம்மாவை எந்த நாயும் கடித்ததில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கம். காலில் ஒரு தழும்பு இருந்தால் காட்டிவிட்டுப் பேசாமல் போய்விடலாம். "எந்த இடத்துல கடிச்சுது?" என்று கேட்கிறவர்களிடம் "எங்கயும் கடிக்கல" என்று சொல்லிவிட்டு அசடு வழிய நிற்க வேண்டியிருந்தது. ஒரு குரைப்பு கேட்டால் போதும், முழங்காலுக்குக் கீழே தனக்குக் கால் இருப்பதே அவளுக்கு மறந்துபோகும்.

ஏரியை ஒட்டிய ஊர் அது. குளிர் மாதங்களில் காலையெல்லாம் பனிமூட்டம் தெருவிலேயே குடியிருக்கும். வீடுகள் ஒவ்வொன்றாகத்தான் கண்ணுக்குக் கிடைக்கும். ஒன்றைத் தாண்டினால் அது கரைந்துபோய் அடுத்தது மெல்ல உருவாகும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது, தான் நடக்கவில்லை, தெருதான் தன்னைத் தாண்டிப் போகிறது என்று அவளுக்குத் தோன்றும். அந்தப் பனியில் நாய்கள் தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும். அதனால் அவள் ஊரிலுள்ள நாய்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். டெலிவரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தாள். 'மருந்துக்கடை குட்டையன்: சைக்கிளைத்தான் துரத்தும், நடந்தால் விட்டுவிடும். தையல்காரர் வீட்டுக் கறுப்பு: சங்கிலி இரண்டாவது படி வரை. ஒத்தைக் காதன்: மூடியிருந்தாலும் கதவு இடுக்கில் மூக்கு இருக்கும்.'

ரொட்டிக்கடையில் மாவு பிசையும் அவள் கணவன் ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நாய் வளர்க்கிறவங்களுக்கே இவ்வளவு தெரியாது. பயந்தவ எழுதுன மாதிரியா இருக்கு? பொண்ணு பார்க்கப் போனவங்க எழுதி வச்ச மாதிரியில்ல இருக்கு."

"சிரிங்க. ஒருநாள் பையைத் தூக்கிக்கிட்டு நீங்க போய்ப் பாருங்க."

அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே நாய்க்கு. மேட்டுத் தெருவின் கடைசி வீடு. பஸ் டிரைவரின் மாடி வீடு. அங்கே இருந்த நாய் கன்றுக்குட்டி உயரம். சாம்பல் நிறம். குரைத்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பஞ்சு. கேட்டிலிருந்து கடிதப் பெட்டி மாட்டியிருந்த வாசற்கதவு வரைக்கும் இருபத்திரண்டு எட்டு. அதையும் அவள் எண்ணி வைத்திருந்தாள்.

அந்த இருபத்திரண்டு எட்டை அவள் எப்படி நடந்தாள் என்றால், பஞ்சு இல்லாத நேரத்தில் நடந்தாள். கேட் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். தினமும் பதினொன்றரைக்கு அது எழுந்து, சோம்பல் முறித்து, வெளியே வந்து, மேட்டிலிருந்து இறங்கி ஏரி வளைவுக்குப் போகும். அங்கே சாலையோரக் கல் திண்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்பும். வளைவுக்கு எதிரே இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று, அது உட்காரும் வரை மூச்சை அடக்கிப் பார்த்திருந்துவிட்டு அவள் மேட்டில் ஏறுவாள். பெட்டியில் தபாலைப் போட்டுவிட்டுப் பின் சந்து வழியாக இறங்கிவிடுவாள். மேட்டு வீட்டுக்குத் தபால் இல்லாத நாட்களில் தொட்டியின் மறைவிலேயே நின்று, அது திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். நான்கு வருடமாக இப்படித்தான் நடந்தது. நாய் எதற்குப் போகிறது என்று அவள் யோசித்ததே இல்லை. அது போனதே அவளுக்குப் பெரிய உபகாரம்.

பனி இறங்கத் தொடங்கிய மாதத்தில் டிரைவர் டெப்போவில் பஸ் படியிலிருந்து வழுக்கி விழுந்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு மாடி அறையில் படுக்க வைத்தார்கள். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் வேலை; விட முடியாது. தனியாகக் கிடக்கும் மனிதருக்குத் துணையாக இருக்கட்டும் என்று, போகும்போது கேட்டைத் தாழ்போட்டு நாயை உள்ளே விட்டுவிட்டுப் போனாள்.

தபாலம்மாவின் அந்தப் பத்து நிமிடம் பறிபோய்விட்டது. பஞ்சு இருபத்து நான்கு மணி நேரமும் கேட்டுக்குப் பின்னால் இருந்தது.

அந்த வாரம் டிரைவர் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். முதல் நாள் தபாலம்மா மேட்டுத் தெரு முனை வரை போனாள். பனிக்குள்ளிருந்து அந்தக் குரைப்பு வந்தது. முனையில் நின்றபடியே உறையின் மேல் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதினாள். இரண்டாம் நாளும் எழுதினாள். மூன்றாம் நாள் கை நடுங்கவில்லை. அதுதான் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது அவளுக்கு அதிகம் வலித்தது. மூன்று முறை பூட்டியிருந்த வீட்டின் தபால் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கடிதம் இருந்தது.

"மேட்டு வீட்டு டிரைவர் எழுதியிருக்காரு. கால் உடைஞ்சு படுத்துக் கிடக்கிற மனுஷன் வீட்டப் பூட்டிக்கிட்டு எங்க போயிருப்பேன்னு கேக்குறாரு. திரும்பிப் போனது டெப்போ அனுப்புன, மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்ன கடிதம். தேதி முடிஞ்சுபோச்சு. அவர் வேலைக்குத் திரும்பலாமா கூடாதான்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ண வேண்டியிருந்தது."

கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"வீடு பூட்டியிருந்துச்சாம்மா?"

பூட்டியிருந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "இல்ல சார். நான் தெரு முனையிலேயே எழுதிட்டேன். அங்க நாய் இருக்கு."

"கடிச்சுதா?"

"இல்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தப்பு நம்ம மேலன்னு டெப்போவுக்கு நான் எழுதுறேன். வேற தேதி குடுத்தா குடுக்கட்டும். உனக்கு மெமோ வரும், அதைத் தடுக்க முடியாது. ஆனா அந்த ஆளுகிட்ட நீயே போய்ச் சொல்லிடும்மா. காகிதத்துல சொல்ற விஷயம் இல்ல இது."

அவள் போனாள். தெருவின் எதிர்ப்பக்கத்துச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாள். பஞ்சு கேட்டின் மேல் முன்னங்கால்களை வைத்து எழுந்து குரைத்தது. மாடி ஜன்னலில் டிரைவரின் முகம் தெரிந்தது. மழிக்காத தாடி, தோளில் சால்வை.

"அண்ணே! தபாலை நான் கொண்டுவரவே இல்லண்ணே!"

"என்னாது?"

"வீடு பூட்டியிருந்துச்சுன்னு பொய்யா எழுதிட்டேன்!"

"பஞ்சு, வாயை மூடு! என்னம்மா சொல்ற?"

"நாய்க்குப் பயந்து பொய் எழுதிட்டேன்!"

அவள் அதைக் கத்திய அதே நொடியில் நாய் மூச்சு வாங்க நிறுத்தியது. தெரு முழுக்க அந்த வார்த்தை கேட்டது. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு சாதாரணக் கடிதம் இருந்தது. முந்தைய நாள் நின்ற சுவரோரமே வெகுநேரம் நின்றாள். அப்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, அங்கயே நின்னு இன்னைக்கும் பூட்டியிருந்துச்சுன்னு எழுதப் போறியா? பக்கத்துச் சந்துக்கு வா."

சந்து மதிலுக்கு வெளியே இருந்தது. மாடியின் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து, துணி காயப்போடும் கயிற்றில் கட்டிய ஒரு காய்கறிக் கூடை பனியைக் கிழித்துக்கொண்டு மெதுவாக, சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது. அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. உள்ளே ஒரு பேனா கிடந்தது.

"கையெழுத்து வேணும்னா தாளையும் பேனாவையும் மேல அனுப்பு, போட்டு எறக்குறேன். கோபம் இன்னும் போகல. இருந்தாலும் படுத்துக் கிடக்கிறவனுக்குத் தபால்தான் வெளியுலகம். கோபத்துக்காக அதையும் விட முடியுமா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் பஞ்சு கூடையோடு சேர்ந்து நடந்து வந்து குரைத்தது. கடிதத்தைச் சுமந்து கூடை மேலே போவதை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி உயரத்தில் கயிறு மறைந்து, கூடை மட்டும் தானாகப் பறப்பதுபோல் இருந்தது.

அப்படியே ஒரு மாதம் போயிற்று. கோபம் எந்த நாளில் போனது என்று தெரியவில்லை. ஒருநாள் கூடையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் இறங்கின. "அண்ணி குடுக்கச் சொன்னா. சுவரோரமா நின்னு சாப்பிடு, கீழ இருக்கிறவன் கண்ணு வைப்பான்" என்றார்.

பிறகு ஒரு காலை. தபாலம்மா சந்துக்குள் நுழைந்தபோது குரைப்பு இல்லை. பனியில் அந்த அமைதி, குரைப்பைவிட அவளைப் பயமுறுத்தியது.

"தபாலு! நீயா?" டிரைவரின் குரல் உடைந்திருந்தது. "கட்டு மாத்த வந்த நர்சு கேட்டைத் தாழ்போடாமப் போயிட்டா போலம்மா. பஞ்சு இல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போச்சு. இந்தப் பனியில ரோட்டுல போச்சுன்னா... லாரிக்காரனுக்கு என்ன தெரியும்? எங்க போயிருக்கும்னே புரியலயே."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தைந்து.

"எனக்குத் தெரியும்ணே."

சொன்ன பிறகுதான், அதைத் தேடிப் போகப்போவது தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

ஏரி வளைவில் பனி மத்தியானம் வரை கலையாது. தண்ணீர் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று அங்கே தெரியாது. கல் திண்டின் மேல் பஞ்சு உட்கார்ந்திருந்தது. பனியே ஓரிடத்தில் கெட்டியாகி நாயாக ஆனதுபோல் இருந்தது. அவள் வழக்கம்போல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகப் பார்த்தாள். கால் நின்றுவிட்டது. அங்கேயே, சாலை நடுவே, பத்தடி தூரத்தில் நின்றாள்.

மேலேயிருந்து பஸ் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவள் ஓரமாக ஒதுங்கினாள். பஞ்சு எழுந்து நின்றது. வால் ஒருமுறை ஆடியது. இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்தன. வளைவில் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. வேறு யாரோ ஓட்டிய பஸ் கடந்து போயிற்று. பஞ்சு அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு மறுபடியும் உட்கார்ந்தது. வீட்டுக்குத் திரும்பவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நான்கு வருடமாகப் பதினொன்று நாற்பது பஸ்ஸை ஓட்டியவர் யார் என்று.

"பஞ்சு" என்றாள். இன்னொரு தரம் சொன்னாள். "பஞ்சு. அவரு வீட்டுலதான் இருக்காரு. வா, போலாம்."

அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. குரைக்கவில்லை. அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி மேட்டை நோக்கி நடந்தாள். ஓடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் சாலையில் நகங்கள் படும் சத்தம் தொடங்கியது. டிக், டிக், டிக். மூச்சு. அந்த மூச்சின் சூடு பனியில் ஒரு கயிறுபோல அவள் கைவரை வந்தது. பாதி மேட்டில் அது அவளுக்கு இணையாக வந்தது. ஈரமான முடி விரல்களில் உரசியது. அவள் கையை எடுக்கவில்லை. எடுக்கக் கையில் தெம்பில்லை. வீடுகள் ஒவ்வொன்றாக உருவாகிக் கரைந்தன. எவ்வளவு நேரம் நடந்தாள் என்று கேட்டால், கனவில் நடந்தவளைப்போல அவளால் சொல்ல முடியாது.

கேட்டுக்குள் பஞ்சு தானாகவே போயிற்று. தாழ்ப்பாளைப் போட அவள் விரல்கள் மூன்று தரம் முயன்றன. போட்டுவிட்டு அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துட்டான்!" மேலே டிரைவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "எங்கம்மா இருந்தான்?"

"ஏரி வளைவுல. கல் திண்டு மேல."

"அங்க எதுக்குப் போனான்?"

"உங்க பஸ்ஸைப் பார்க்கண்ணே. தினமும் போவான். நாலு வருஷமா நானே பாக்குறேன். பதினொன்னு நாப்பதுக்கு."

டிரைவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிக் கீழே பஞ்சுவைப் பார்த்தார்.

"அந்த வளைவுல நான் ரோட்டைத் தவிர வேற எதையும் பார்க்க மாட்டேன்மா" என்றார். "பார்த்ததே இல்ல."

புதுத் தேதி போட்ட பதிவுத் தபால் அடுத்த வாரம் வந்தது. கூடையில் மேலே போய்க் கையெழுத்தோடு கீழே வந்தது. பரிசோதனைக்கு அவரைத் தூக்கிப் போனார்கள். கோடை பிறந்ததும் வேலைக்கு வரலாம், ஆனால் ஏரி வழி வேண்டாம், ஊருக்குள் ஓடும் பஸ்தான் என்று சொன்னார்கள். மெமோ தபாலம்மாவின் கோப்பில் ஏறியது. பயமும் அப்படியேதான் இருந்தது. பஞ்சு மறுநாளே பழையபடி கேட்டில் ஏறிக் குரைத்தது, அவளும் பழையபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எதையும் அவள் அழிக்கவில்லை.

ஆனால் தபால் இல்லாத நாட்களிலும் கூடை இறங்கியது. வளைவில் பஞ்சு என்னென்ன செய்யும் என்று கேட்பது அவருக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டிருந்தது.

"மழை நாள்ல?" என்று கேட்டார் ஒருநாள்.

"மழை நாள்ல திண்டு மேல உட்காராதுண்ணே. பக்கத்துல ஒரு மரம் சாஞ்சிருக்கும் பாருங்க, அதுக்கடியில நிக்கும். ஆனா பஸ் சத்தம் கேட்டா நனைஞ்சாலும் வெளிய வந்துடும்."

"வாலை ஆட்டுவானா?"

"ஒரே ஒரு தரம்."

"அப்புறம்?"

தபாலம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, நினைத்துப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.