முப்பது எண்ணுனீங்களா?

“அந்த ஹீட்டரை எங்கயாவது தள்ளி வைடி. வர்றவங்க எல்லார் கால்லயும் இடிக்குது,” என்றாள் அம்மா.

மகள் குனிந்து அதன் கைப்பிடியைப் பிடித்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் ஒன்பது நாட்களாக அது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சின்னப் பயணப்பெட்டி அளவில் சிவப்புத் தகரம், முன்னால் கம்பி வலை, பக்கவாட்டில் திருகி மாட்டிய குட்டி காஸ் சிலிண்டர். ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். அங்கேயும் இடிக்குமோ என்று தோன்ற, இன்னும் ஒரு சாண் நகர்த்தினாள்.

அப்பா காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, எட்டாவது நாள் மூச்சு நின்றது. நாலு மணிக்கு வண்டி வரும் என்று மாமா சொல்லியிருந்தார். இப்போது மணி இரண்டு.

அப்பாவின் வேலை கல் குவாரியின் எடைமேடையில். லோடு லாரி மேடையில் ஏறி நிற்கும். தகரக் கேபினுக்குள் எண் தெரியும். அதைச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். சீட்டு நீட்டுவதற்காகவே அந்த ஜன்னலுக்குக் கதவு கிடையாது. லாரி ஏறியதும் எண் கொஞ்ச நேரம் ஆடும். மற்ற ஷிஃப்ட்காரர்கள் கண்ணில் பட்ட முதல் எண்ணை எழுதிவிடுவார்கள். அப்பா எழுத மாட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு விரலை நீட்டி, “ஒரு நிமிஷம்,” என்பார். எவ்வளவு அவசரக்கார ஓட்டுநரும் அந்த வார்த்தைக்கு எஞ்சினை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. வீட்டுக்குப் போன் செய்பவர்கள்கூட, “ஒரு நிமிஷம் இருக்காரா?” என்றுதான் கேட்பார்கள். “ரெண்டு நிமிஷமாக் குளிக்கிறாரு,” என்று அம்மா பதில் சொல்வாள்.

இப்போது அதே ஓட்டுநர்கள் நான்கு பேர் வாசலோரம் கைகட்டி நின்றிருந்தார்கள்.

இரண்டேகாலுக்குக் குவாரி மேனேஜர் வந்தார். செருப்பை ஒழுங்காக ஓரம் வைத்துவிட்டு, கட்டிலருகே தலை குனிந்து நின்றார். அம்மா அழுது ஓயும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. ஆனா நாளைக்குக் காலைல எடமேடைக்குப் புது ஆள் வர்றாரு. குளிர் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அவரு பாவம், அந்தக் கேபின்ல… அதான், ஹீட்டரை எடுத்துட்டுப் போயிடலாம்னு.”

மகளுக்குக் காது மடல் சுட்டது. நாளைக்கு வரப்போகிறவருக்குக் குளிரும் என்பது இவருக்கு இன்றைக்கே தெரிகிறது.

அம்மா தாளை வாங்கி, படிக்காமல் அவளிடம் கொடுத்தாள். தட்டச்சு செய்த ஒரே வரி: ‘நல்ல நிலையில் இயங்கும் காஸ் ஹீட்டர் ஒன்று திரும்பப் பெறப்பட்டது.’ அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“போட்டுக் குடுத்துரு அக்கா. அவங்க பொருள் அவங்களுக்கு,” என்றார் மாமா.

“இது எரியாது சார்,” என்றாள் மகள். குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. “அப்பா மூணு தடவை எழுதிக் குடுத்தாரு.”

“எரியும்மா. எல்லாரும் பண்ற தப்புதான். பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு முப்பது எண்ணணும். அப்பதான் நிக்கும். கையை எடுத்தா அணைஞ்சிடும். நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். தப்பா நினைக்காத, அப்பா நல்ல மனுஷன்தான், ஆனா கொஞ்சம் பொறுமை பத்தாது.”

“யாருக்கு?” என்றார் வாசலில் நின்ற கம்பளிக் குல்லா ஓட்டுநர். “ஒரு நிமிஷத்துக்கா?”

பக்கத்தில் நின்றவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கட்டில் கண்ணில் பட்டதும் அந்தச் சிரிப்பை இருமலாக்கி முடித்தார்.

“சரி சார். அப்ப நீங்களே பத்தவச்சுக் காட்டுங்க. எரிஞ்சா அம்மா கையெழுத்துப் போடுவாங்க.”

“ஏய், என்ன பேச்சு இது?” மாமா எழுந்தார். “அப்பா இங்க படுத்திருக்காரு.”

“அவரைப் பத்தித்தான மாமா பேசுறாங்க.”

ஹீட்டரை அவளே தூக்கிக்கொண்டுபோய் சமையலறை மேடையில் வைத்தாள். பின்கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டாள். மேனேஜர் வந்தார். மாமா வந்தார். குல்லா ஓட்டுநரும் வந்து கதவோரம் நின்றார். அம்மா மட்டும் கூடத்திலேயே இருந்தாள்.

மேனேஜர் குமிழைத் திருகி, அழுத்திப் பற்றவைத்தார். வலைக்குப் பின்னால் சின்னதாக ஒரு சுடர் வந்தது. “ஒண்ணு, ரெண்டு, மூணு…” பதினைந்துக்கு மேல் எண்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. “முப்பது!” கையை எடுத்தார். ‘டப்’பென்று அணைந்தது.

“சார் எண்ணுன வேகத்துல என் லாரியே போகாது,” என்றார் குல்லா.

“காத்து. கதவைச் சாத்துங்க.”

“உங்க கேபின்ல ஜன்னலுக்குக் கதவே இல்லையே சார்,” என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைச் சாத்தினாள். “இந்தத் தடவை நான் எண்ணுறேன்.” கைக்கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணினாள். முப்பது வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஐந்து. மேனேஜர் கையை எடுத்தார். ‘டப்.’

மாமா முன்னால் வந்தார். “நகருங்க, விரல் சரியாப் படல.” அவரும் பெருவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தார். ‘டப்.’ மாமா தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

“காஸ் தீர்ந்திருக்கும்.”

அவள் கதவைத் திறந்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி மேனேஜர் கையில் கொடுத்தாள். அவர் கை தாழ்ந்தது. உள்ளே தளும்பும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“அப்ப ஆளை வரச்சொல்லித்தான் பாக்கணும். அதுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா…”

“மூணு லெட்டர் எங்க சார்?”

மேனேஜர் தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துவது, அரிசி அளவுத் திருகாணி முடுக்குவது. கடைப் பையிலிருந்து கருவிச் சுருளை எடுத்து வந்து மேடையில் விரித்தாள். முதலில் சிலிண்டரைத் திரும்ப மாட்டி, காஸ் கசிகிறதா என்று இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். குமிழி வரவில்லை. இன்னொரு தடவை தடவினாள். அப்போதும் வரவில்லை.

கூடத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. “இப்ப இது தேவையா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“நாலு பேரும் இங்கதான இருக்காங்க,” என்றாள் அம்மா. “பாக்கட்டும்.” எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

மகள் மறுபடி பற்றவைத்து, குமிழை அழுத்தியபடியே முகத்தைத் தாழ்த்திப் பார்த்தாள். சுடர் மஞ்சளாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் முன்னால் பென்சில் முனை அளவில் ஓர் உலோகக் கம்பி. ஹீட்டரின் முதுகில் ஒட்டியிருந்த குறிப்பை மூன்று முறை படித்தாள். அந்தக் கம்பி சூடானால்தான் காஸ் திறந்தபடி இருக்கும். ஆறினால் தானாக மூடிக்கொள்ளும். சுடர் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை.

முந்நூறு எண்ணினாலும் இது நிற்காது.

சரியாகத்தான் பார்க்கிறோமா என்று இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்த்தாள். தொடவில்லை. குமிழை விட்டாள். ‘டப்.’ ஆறும்வரை காத்திருந்து, வலையின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினாள்.

“கம்பெனிப் பொருள்மா. திறக்கக் கூடாது. அவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்,” என்றார் மேனேஜர்.

அவள் நிமிரவில்லை. சுடர் வரும் குழாயின் அடியில், காற்று உள்ளே போவதற்குக் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருந்தது. கடையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். துளைக்குள் வெள்ளையாகப் பஞ்சுபோல ஏதோ அடைத்திருந்தது. ஊசி முனையால் இழுத்தாள். நூல் நூலாக வந்தது. சிலந்திக் கூடு. உள்ளே காய்ந்துபோன சிலந்தி ஒன்று, மிளகில் பாதிகூட இல்லை.

“இதுவா?” என்றார் மாமா. “இவ்வளவுதானா?”

லென்ஸில் தூசி ஊதும் ரப்பர் உருண்டையை எடுத்துத் துளையில் வைத்தாள். அழுத்தப் போன கை நின்றது.

ஒன்பது நாளைக்கு முன், சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா இதைப் பஸ்ஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மூச்சு வாங்கியது. “பாப்பா, உன் ஊதுற உருண்டை இருக்கில்ல, அதால இதைக் கொஞ்சம் ஊதிப் பாரேன். உள்ள என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு.” அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “முப்பது எண்ணுனீங்களாப்பா?”

அப்பா ஹீட்டரைக் கூடத்துத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு, “எண்ணுனேன்,” என்றார்.

“ஞாயித்துக்கிழமை பாக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“என்னடி?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல.” உருண்டையை அழுத்தினாள். புஸ். மெல்லிய தூசி பறந்தது. புஸ். புஸ். தூசி நின்ற பிறகும் ஊதிக்கொண்டிருந்தாள்.

வலையை மாட்டிப் பற்றவைத்தபோது சுடர் நீலமாக நிமிர்ந்து நின்றது. கம்பியின் முனையைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டது. நொடி முள்ளைப் பார்த்து முப்பது எண்ணிவிட்டுக் கையை எடுத்தாள். அணையவில்லை. குமிழைத் திருப்பினாள். வலைக்குப் பின்னாலிருந்த தகடு முழுக்க மெல்லச் சிவந்து, வெப்பம் எல்லோர் முகத்திலும் வந்து படிந்தது.

மேனேஜரின் முகம் தெளிந்தது. “பாத்தியா, நல்லாத்தான எரியுது! நான்தான் சொன்னேன்ல!”

குல்லா ஓட்டுநர் ஓர் அடி முன்னால் வைத்தார். மாமா அவர் தோளைப் பிடித்தார்.

“சார்,” என்றாள் மகள். அவரிடம் சொல்ல வேண்டியவை வரிசையாக இருந்தன. மூன்று கடிதங்கள். கதவில்லாத ஜன்னல். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது.

“அந்தத் தாளைக் குடு,” என்றாள் அம்மா. “பேனா?”

மேனேஜரே பேனாவைக் கொடுத்தார். அம்மா தாளை மேடையில் வைத்து, ‘நல்ல நிலையில் இயங்கும்’ என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மேலே, ‘மகள் சரிசெய்த’ என்று எழுதினாள். அம்மா எழுதியே வெகுநாளாயிற்று. எழுத்துகள் பெரிது பெரிதாக விழுந்தன. கையெழுத்துக் கோட்டுக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் இன்னொரு வரி எழுதினாள். அதன் கீழே கையெழுத்திட்டாள்.

மேனேஜர் வாங்கிப் படித்தார். “இது என்னம்மா… ‘அவர் முப்பது எண்ணினார்’னு… இதை நான் ஆபீஸ்ல எப்படிக் குடுக்கறது?”

“கையாலதான் குடுக்கணும்,” என்றாள் அம்மா. “இது இல்லாம ஹீட்டர் வெளிய போகாது.”

மேனேஜர் தாளை மடித்தார். முதலில் இருந்த மடிப்பில் அது மடியவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள். போகிறபோது குல்லா ஓட்டுநர் ஹீட்டருக்கு முன்னால் ஒரு கணம் கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மகள் சிலிண்டரை மூடி ஹீட்டரை அணைத்தாள். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுருளில் செருகினாள். சிலந்தி மேடையில் கிடந்தது. அதைத் தள்ளிவிடாமல், அதைச் சுற்றி மேடையைத் துடைத்தாள். ஒருதடவை எரிந்தது போதுமா என்று சந்தேகம் வந்தது. நாளைக்கு வருகிறவர் குளிரில் உட்கார்ந்து இதை அழுத்துவார். தகடு ஆறட்டும் என்று காத்திருந்து, மறுபடி திறந்து குமிழை அழுத்திப் பற்றவைத்தாள்.

நீலச் சுடர் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகளை ஓரம் இழுத்தார்கள். பெரியம்மா அழ ஆரம்பித்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அவள் கையை எடுக்கவில்லை. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

“தூக்கலாமா?” என்று கூடத்தில் யாரோ கேட்டார்கள்.

“வாடி, நேரமாச்சு,” என்று அம்மா கூப்பிட்டாள்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு. பெருவிரல் மரத்துப்போயிருந்தது.

“ஒரு நிமிஷம்,” என்றாள்.

கூடத்தில், கட்டிலின் நான்கு கால்களையும் பிடித்துத் தூக்கக் குனிந்திருந்த ஓட்டுநர்கள் நால்வரும் அப்படியே நின்றார்கள்.