இரண்டு ஓவர்லாக் ஸ்க்ரூக்கள்

கம்பெனி வேன் ஓட்டும் பாண்டித்துரை ஆம்ப்ளிஃபயரை மறுபடியும் கொண்டுவந்து ஜெயபாரதியின் ரிப்பேர் கடை மேசைமேல் வைத்தான்.

"பத்து நிமிசந்தான்க்கா பாடுச்சு. பொசுக்குன்னு நின்னுபோச்சு. தொட்டா தோசைக்கல்லு கெணக்கா கொதிக்குது. பாட்டு இல்லைன்னு வேன்ல கம்பெனிப் பொண்ணுக என்னைப் பாடச் சொல்லி உசுர வாங்குறாளுக." அவன் அவள் கணவன் சுரேஷின் பக்கம் திரும்பினான். "இருபது வருசத்துக்கு அசையாதுன்னீகளேண்ணே?"

"நான் முடுக்குனது அசைஞ்சிருக்காதுங்க. உள்ளார வேற ஏதாச்சும் இருக்கும்" என்றான் சுரேஷ், ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து.

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் விடுவதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு பாண்டித்துரை போனான்.

சுரேஷ் பனியன் கம்பெனியில், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் தையல் மெஷின்களின் மெக்கானிக். அமெரிக்க ஆர்டர் நின்று அவன் வேலைபார்த்த தையல் லைனை மூடி மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து மனைவியின் ரிப்பேர் கடையில் அந்த ஸ்டூல்தான் அவன் இடம். முந்தாநாள் அவள் பாங்குக்குப் போன நேரத்தில், வயர் வேலை முடிந்து திறந்து கிடந்த இந்த ஆம்ப்ளிஃபயரின் உள்பாகங்களை அவனே முடுக்கி வைத்திருந்தான். அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். முடுக்கிய விதத்தை விளக்கினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது ஜெயபாரதி அடிமூடியைக் கழற்றியதும் அலுமினியத் தூள் கொட்டியது. சூட்டை இழுத்துக்கொள்ளும் அலுமினிய உடம்போடு டிரான்ஸிஸ்டர்களை அழுத்திப் பிடிக்கும் பட்டை ஆடியது. அதைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூக்களும் விரலோடு வந்தன. பளபளவென்று, தட்டையான தலையோடு, நெருக்கமான பொடி மரைச் சுற்றுகள். தையல் மெஷினுக்கே உரியவை. அளவு கொஞ்சம் பெரிது. முரட்டுப் பலத்தில் ஏற்றியதில் ஓட்டைகளின் மரை மொத்தமும் அரைபட்டிருந்தது.

அவள் அன்றைக்கே பார்க்காமல் இல்லை. பட்டையின்மேல் இரண்டு தலைகள் மட்டும் வேறுவிதமாக மின்னியதைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். பிறகு அடிமூடியைத் தானே போட்டு முடுக்கினாள்.

ஸ்க்ரூக்களை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"என்ன புள்ள, காட்டு."

"ஒண்ணுமில்லீங்க. சூட்டுல மரை போயிருச்சு."

"சூட்டுல எங்காச்சும் மரை போகுமா?" அவன் எழுந்து வந்து அவள் விரல்களை மெதுவாகப் பிரித்தான். ஒன்றை எடுத்து நகத்தால் மரையை வருடிப் பார்த்தான். "நம்ம ஓவர்லாக்குது."

"ரெண்டு ஸ்க்ரூ காணாமத்தானுங்க கெடந்துச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க."

அவன் ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டான்.

முதல் ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கி, புது மரை வெட்டினாள். நாலு எம்எம் ஸ்க்ரூ கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவது ஓட்டை அலுமினியத்தின் விளிம்பை ஒட்டி இருந்தது. மரை வெட்டும்போதே ஓட்டையின் சுவர் பிளந்தது. இனி ஒரே வழிதான். பின்பக்கம்வரை துளைத்து, நீள ஸ்க்ரூவை விட்டு, அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் நட் வைத்து முடுக்க வேண்டும். ஒரு கை பட்டையை அழுத்த, ஒரு கை ஸ்க்ரூவைத் திருக, மூன்றாவது கை நட்டைப் பிடிக்க வேண்டும்.

"ஏனுங்க, இந்த நட்ட மட்டும் குறட்டுல புடிச்சுக்கறீங்களா?"

இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்திருந்தான். "நீயே பாத்துக்க புள்ள. நான் தொட்டா அதும் போயிரும்."

"நெசமாத்தானுங்க. நீங்க புடிச்சாத்தான் ஆகும்."

அது உண்மைதான். ஆனால் சொன்ன விதம், அழுகிற பிள்ளையிடம் எதையாவது கொடுத்து உட்கார வைப்பதுபோல அவள் காதுக்கே கேட்டது. அவனுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். அவன் சிரித்தான். அளவு தப்பு என்று முந்தாநாளே சொல்லியிருந்தால், வெறும் இரண்டு ஸ்க்ரூவின் தவறாக முடிந்திருக்கும்.

தனியாக முயன்றாள். நட் வழுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கித் தரையில் விழுந்து உருண்டு, அவன் பாதத்தை ஒட்டி நின்றது.

அவன் அதைப் பார்த்தான். அவள் குனிந்து எடுக்கத் தோதாகக் காலை நகர்த்திக்கொண்டான்.