வலிக்காமல் ஓட்டுகிறவர்

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் மனைவியின் தொடை எலும்பிலிருந்து வந்தது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து அதை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது, நானும் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கத்திய கத்தலில் எனக்கு உயிரே போயிற்று. பாதி வழியில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். தடித்த கண்ணாடி போட்ட மனிதர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மூடியைத் திறந்து, விரல் நகமளவு எதையோ பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே வலிக்காதும்மா" என்றார். அப்புறம் வண்டி மெத்தையில் போவது போலப் போயிற்று. இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். கண்ணில் தண்ணீர் வேறு.

அவர் பிடுங்கியது ஒரு ஃபியூஸ். அது எதற்கான ஃபியூஸ் என்று வண்டி வேலை தெரிந்த என் மைத்துனர் எடுத்துச் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மீதியை நானே இட்டுக்கட்டுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "ஆம்புலன்ஸ் என்பது நான்கு சக்கரத்தின் மேல் நிறுத்திவைத்த பீரோ." (உண்மைதான். உயரம் அதிகம், அகலம் குறைவு. வளைவில் வேகமாகத் திருப்பினால் சாயும். ஆனால் பீரோவில் தொடங்கும் கதையை யார் படிப்பார்கள்?)

தொடக்கம் இரண்டு: "அதிர்வுத்தணிப்பான் எனப்படும் கருவியானது—" (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் மூன்று: "அவளுடைய திரையில் ஒரு கோடு அறுந்திருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அவளுடைய திரையில் ஒரு கோடு அறுந்திருந்தது.

அவள் பொறியாளர். ஷாக் அப்சார்பரை ஆட்டுவிக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு மூளை எழுதிக் கொடுத்தவள். சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கிறது, அது துள்ளும். பக்கத்தில் ஷாக் அப்சார்பர் இருக்கிறது, அது "போதும், அடங்கு" என்று அமுக்கும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று அவளுடைய பெட்டி நொடிக்கு நூறு தடவை பார்க்கும். சாய்ந்தால் ஷாக் அப்சார்பரை இறுக்கிவிடும், வண்டி கவிழாமல் நிற்கும். சாயாதபோது, பள்ளம் உள்ளே தெரியாமலிருக்கத் தளர்த்தி வைக்கும். பெட்டிக்கு மின்சாரம் நின்றுபோனால் நான்கு சக்கரத்து ஷாக் அப்சார்பரும் ஒரேயடியாகத் தளர்ந்துவிடும்.*

ஒரே ஒரு ஆம்புலன்ஸில் அதைப் பொருத்தி நான்கு மாதம் சோதனை ஓட்டம் விட்டிருந்தார்கள். அந்த நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட வண்டி ஆபத்தான அளவுக்குச் சாய்ந்ததாகப் பதிவில் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் அறிக்கை கொடுத்தால் இன்னும் நாற்பது ஆம்புலன்ஸ்களுக்கு அதே பெட்டி போகும். மேலாளர் இப்போதே கைகுலுக்கிவிட்டார். ஒன்றுதான் இடித்தது: வண்டியின் சாய்வைப் பதிவுசெய்து திரையில் காட்டும் கோடு தினமும் நாலைந்து தடவை அறுந்து, அரை மணி நேரம் காணாமல் போய், மறுபடி தொடங்கியது. வயர் எங்கோ லூஸாக இருக்கும் என்று நினைத்தாள்.

(வயர் லூஸ் இல்லை என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அவளை ஐந்து பக்கம் அலைக்கழிப்பதுதான் எழுத்தாளர்கள் வழக்கம். எனக்குப் பாவமாக இருக்கிறது, நேராக ஆம்புலன்ஸ் நிற்கும் ஷெட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.)

* மின்சாரம் நின்றாலும் தளராதபடி செய்யக்கூடாதா என்று மைத்துனரிடம் கேட்டேன். "செய்யலாம் மச்சான். அதைச் சொல்ல ஆரம்பிச்சா உங்க கதை முடிஞ்சாலும் என் பேச்சு முடியாது" என்றார்.

4

இதுவரை எழுதியதை என் மனைவி படித்தாள்.

"எஞ்சினியரை ஏன் பொண்ணா வச்சீங்க?"

"சும்மாதான்."

"அழ வச்சீங்கன்னா மேல படிக்க மாட்டேன். அப்புறம் நான் ஒண்ணும் கத்தல. பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

கத்தினாள். நான் மாற்றப்போவதில்லை.

5

காலை பத்து மணி. கழுவிய வண்டி ஷெட்டில் ஈரமாக நின்றது. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் குனிந்தபோது, மீட்டர்களுக்கு நடுவே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. உரித்தாள். அடியில் மஞ்சள் விளக்கு. பெட்டி வேலை செய்யாவிட்டால் எரிய வேண்டும் என்று அவளே வைத்த விளக்கு.

ஓட்டுநர் டீ டம்ளருடன் வந்து கதவோரம் நின்றார். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் பெயர் கண்ணாடி.

"இதை யாருண்ணா ஒட்டினது?"

"நர்ஸம்மா. கண்ணைக் கூசுதுன்னு சொன்னேன், ஒட்டிவிட்டாங்க."

"லைட் ஏன் எரிஞ்சுது?"

"ஃபியூஸைக் கழட்டினா எரியாம என்ன பண்ணும்?" அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"எப்பல்லாம் கழட்டுவீங்க?"

"ஆள் ஏறினதும். எலும்பு முறிஞ்சவங்க, தையல் போட்டவங்க, மாசமா இருக்கிறவங்க. எல்லாரும்னே வச்சுக்கங்களேன். உங்க பெட்டி ஓடினா தூக்கித் தூக்கிப் போடுது, அலறுறாங்க. இறக்கிவிட்டுத் திரும்பும்போது மறக்காம மாட்டிடுவேன். உங்க பொருளாச்சே."

பதிவுக் கருவியையும் அதே ஃபியூஸில் சேர்த்தவள் அவள்தான், ஒரு வயர் மிச்சம் என்று. அதனால் நான்கு மாதமாக அவள் அளந்தது, ஆளை ஏற்றப் போகும்போதும் இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் ஓடிய காலி வண்டியை. உள்ளே ஆள் இருந்தபோதெல்லாம் பெட்டி செத்துக் கிடந்தது.

(இங்கே அவள் அவரைக் கிழி கிழியென்று கிழிப்பதாக ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அந்தக் கையைப் பிடித்து நன்றி சொன்னவன் நான். எனக்கு வரவில்லை.)

6

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டாள்.

"படுத்துப் பாருங்கம்மா."

படுத்தாள். நர்ஸ் அவளை ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துப் பட்டையை இழுத்துக் கட்டினார். முதல் சுற்று ஃபியூஸோடு. நேர்ச் சாலைதான், ஆனால் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கிய ஒவ்வொரு தடவையும் வண்டி சாய்கிறது என்று பெட்டி பதறி இறுக்கியது. இடி முதுகெலும்பில் வந்து விழுந்தது. ஒரு குறையும் இல்லாத உடம்பு, அதற்கே பல் அடித்துக்கொண்டது. இரண்டாவது சுற்று ஃபியூஸ் இல்லாமல். பள்ளங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. அப்புறம் பாலத்து இறக்க வளைவு வந்தது. கூரை ஒரு பக்கமாகப் போயிற்று. ஆக்சிஜன் சிலிண்டர் பட்டையை இழுத்துக்கொண்டு முனகியது. ஒரு பக்கச் சக்கரங்கள் சாலையைத் தொட்டும் தொடாமலும் இருந்ததை அவள் படுத்த முதுகால் உணர்ந்தாள்.

"எப்பவும் இதே ஸ்பீடா?"

"ஆள் சீரியஸா இருந்தா இன்னும் ஜாஸ்தி."

இறங்கும்போதே தவறு பிடிபட்டுவிட்டது: பள்ளத்தையும் வளைவையும் பெட்டி ஒன்றாக நினைக்கிறது. ஸ்டியரிங் திரும்பியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் போதும். எழுத, சோதிக்க மூன்று வாரம். அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வராது சார். நாலு மாசமா காலி வண்டியைத்தான் அளந்திருக்கோம்... இல்ல சார், ஷெட்டுல யார் மேலயும் தப்பு இல்ல. வயரிங் நான் போட்டது."

அவள் பேசி முடிக்கும்வரை கண்ணாடி பக்கத்திலேயே காத்து நின்றார்.

இங்கே முற்றுப்புள்ளி வைத்திருந்தால் எல்லோரும் நல்லவர்கள், கதையும் சுபம். வைக்கத்தான் போனேன். அவர் விடவில்லை.

"அதுவரைக்கும் என்ன பண்றதும்மா?"

"எதுவரைக்கும்?"

"மூணு வாரம். ஆள் ஏறிக்கிட்டேதானே இருப்பாங்க. ஃபியூஸ் இருக்கட்டுமா, கழட்டட்டுமா?"

"வண்டிய நிறுத்திட்டா?"

"இந்தப் பக்கத்துக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"பழைய ஷாக் அப்சார்பரை மாட்டிட்டா?"

"அது கழட்டின அன்னைக்கே பழைய இரும்புக்குப் போயாச்சு. புதுசு வர்றதுக்கே மாசக்கணக்காகும்."

"கழட்டிட்டு மெதுவா ஓட்டுங்களேன்."

"வெறும் எலும்புன்னா மெதுவா போகலாம். அடிபட்டவங்களுக்கு எலும்பும் முறிஞ்சிருக்கும், ரத்தமும் போய்க்கிட்டிருக்கும். அவங்கள எப்படிம்மா மெதுவா கூட்டிட்டுப் போறது?"

7

முடிவு அ: "இருக்கட்டும்" என்கிறாள். வண்டி கவிழவில்லை. உள்ளே ஒருவர் ஆஸ்பத்திரி வரைக்கும் பதினோரு கிலோமீட்டரும் அலறிக்கொண்டே போகிறார். முறிந்த எலும்பு இன்னும் நகர்ந்து— (எழுத மாட்டேன்.)

முடிவு ஆ: "கழட்டிடுங்க" என்கிறாள். உள்ளே இருப்பவர் வலி அடங்கிக் கண்ணை மூடுகிறார். பாலத்து வளைவில் எதிரே ஒரு லாரி— (இதையும்தான்.)

மனைவியிடம் போய் நின்றேன். "நீ சொல்லு, எது?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "படுத்திருந்தவளைக் கேட்டா கழட்டுன்னுதான் சொல்வேன். ஆனா பக்கத்துல உக்காந்திருந்தது நீங்க. கவிழ்ந்திருந்தா நம்ம பிள்ளைங்க கதி என்ன? என்னைக் கேக்காதீங்க."

8

ஷெட்டில் போன் அடித்துவிட்டது. சாலை விபத்து. ஒரு ஆள், தொடை எலும்பு முறிவு, ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் பின்னால் ஏறிக்கொண்டார். எஞ்சின் ஓடுகிறது. ஜன்னல் வழியாகக் கண்ணாடி கையை நீட்டியிருக்கிறார், உள்ளங்கையில் ஃபியூஸ்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா."

அவள் வாயைத் திறக்கிறாள். அந்த ஒரு சொல்லை என்னால் எழுத முடியவில்லை, மூன்று மாதமாக முயன்றாயிற்று. நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்.