இன்னும் அந்த அளவுக்கு அழியவில்லை

1

இந்தக் கதை பூவிலிருந்து பிறக்கவில்லை. ஒரு அதிகாரி தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதைக் கேட்டவள் என் சிநேகிதி. கேட்ட கையோடு என்னிடம் வந்து கொட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி விலகிய மலைச்சரிவில் இளஞ்சிவப்பு இதழ்கள் மெல்ல...

வேண்டாம். மெல்ல விரியும் இதழைப் படித்தால் 'அடடா' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

2

அவள் தாவர ஆய்வாளர். முழங்காலில் எப்போதும் பச்சைக் கறை இருப்பதால் அலுவலகத்தில் பட்டப்பெயர் பாசி. வருடக்கணக்கில் அவள் பின்னாலேயே அலைந்த பூ, காசித்தும்பைக்கு ஒன்றுவிட்ட உறவு, விரல்நகம் அளவுதான். மண்கூடக் கேட்காது. பாறை இடுக்கில் கசியும் தண்ணீரும், அந்த ஈரத்தில் படரும் பாசியும் போதும். வெயில் ஏறினால் வாடும், தண்ணீர் தேங்கினால் அழுகும். அதற்குத் தெரிந்த ஒரே வீடு அந்த மலையின் நிழல்பக்கப் பாறைகள்.

(அழிவைத் தரம் பிரிக்க ஒரு படிவரிசை உண்டு. இந்தப் பூ நிற்கும் படிக்குப் பெயர் 'அழிவுக்கு ஆளாகக்கூடியது'. அதைவிட மோசமான படிகளும் இருக்கின்றன. இந்த அடைப்புக்குறியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். என் வயிற்றெரிச்சல் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.)

3

இந்த முறை பாசி போனபோது பாறை காய்ந்து கிடந்தது. செடிகள் கருகி, தொட்டால் பொடிந்தன. விரிசலைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினாள். ஊற்றின் வாயில் புதிதாக ஒரு சிமென்ட் தொட்டி. அதிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று சரிவில் இறங்கி, புதிய விடுதிக்குள் போனது. விடுதியின் குழாய் வேலைகளை ஒப்பந்தம் எடுத்திருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. போன் போட்டாள்.

"ஊத்துல குழாய் போட்டது நீதானா?"

"ஆமாக்கா. உன் பூவுல ஒண்ணைக்கூடத் தொடலையே. சுத்தி வேலி போடக்கூடச் சொல்லியிருக்கேன்."

"வேலி போட்டு என்னத்தடா காப்பாத்துவ? அது குடிக்கிற தண்ணிய மொத்தமா உருவிட்டியே!"

"எனக்கென்னக்கா தெரியும்? அனுமதி இருந்துச்சு, வேலை செஞ்சேன்."

[முதல் வரைவில் தம்பியை வில்லனாக்கி, பேராசை பிடித்த கண்களெல்லாம் வைத்திருந்தேன். பாசி படித்துவிட்டுத் தாளைத் தள்ளினாள். "அவன் நல்லவன். அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ தூக்கிச் சுமந்தவன் அவன்தான். அதனாலதான் இவ்வளவு எரியுது." அந்தக் கண்களைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

4

அனுமதி கொடுத்த அதிகாரியிடம் போனாள். அவர் அவளுடைய அறிக்கையையே எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நீங்களே எழுதியிருக்கீங்களே, 'ஆளாகக்கூடியது'ன்னு. ஆகலாம், ஆகாமலும் போகலாம். இன்னும் அந்த அளவுக்கு அழியலையேம்மா. நிலைமை முத்தினா வாங்க, பார்ப்போம்."

"முத்தின பிறகு எதை சார் பார்ப்பீங்க?"

"உங்களுக்கும் ஒரு டீ சொல்லட்டுமா?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். தன் கையால் எழுதிய சொல்லையே எடுத்துத் தன் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது என்றாள்.

5

மறுநாள் காலை, ஒரு ஸ்பேனரோடு தொட்டிக்கு ஏறினாள். விஷயம் தெரிந்து தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, புகார் கொடுத்துடுவாங்க. உன் வேலை போயிடும்."

"போகட்டும்."

"என் வேலையும் போயிடும்."

இணைப்பைப் பிடித்து முரட்டுத்தனமாகத் திருகினாள். கை வழுக்கி, விரல்முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. தம்பி அந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரைப் பிடுங்கினான்.

"இப்படித் திருகினா மரை போயிடும். தள்ளு."

அவனே கழற்றினான். தண்ணீர் விரிசலுக்குள் இறங்கியது. இருவரும் பாறை கறுப்பாக நனைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

6

இந்த இடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. விடுதிக்காரர்கள் வேறு ஆளை வைத்துக் குழாயை மறுபடி மாட்டினார்கள். தொட்டிக்குப் பூட்டும் போட்டார்கள். தம்பியின் ஒப்பந்தம் போனது. பாசி தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறாள். அக்காவும் தம்பியும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். வழக்கு வாய்தாவில் இருக்கிறது. பாறையில் காய்ந்துபோன பாசிப்படலத்துக்கு அடியில் விதைகள் உயிரோடு இருக்கலாம், ஆனால் ரொம்ப நாள் தாங்காது என்கிறாள்.

கையெழுத்துப் பிரதியைப் பார்த்த பதிப்பாளர் கேட்டார்: "கடைசியில ஒரே ஒரு பூவாவது பூக்கக்கூடாதா?"

பூக்க வைக்க எனக்கு ஒரு வரி போதும். ஊற்று வேண்டாம், நிழல் வேண்டாம், யாருடைய வேலையும் போக வேண்டாம். அந்த வரி வந்துவிட்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். அதனால் எழுத மாட்டேன்.

அந்தப் பூட்டைத் திறக்க என்னிடம் வாக்கியம் எதுவும் இல்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் அதை எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். சாவி வைத்திருப்பவர்களிடம் நேரே போய்க் கேளுங்கள்.