மண் பாலாடை

மியூசியம் வாசலில் காகிதச் சீட்டு வேண்டாம் என்று அவர் அடம்பிடித்ததில் மூன்று காகிதங்கள் அச்சாயின. முதலில் சீட்டு. அதைத் தொடவே மாட்டேன் என்று அவர் கைகளைக் கட்டிக்கொண்டதும், அதை ரத்து செய்ததற்கு ஒன்று. கைப்பேசிக்கு அனுப்பியதற்கு அத்தாட்சியாக இன்னொன்று. மூன்றையும் கவுண்டர் பெண் கிழித்துக் கூடையில் போட்டாள். "ஒரு காகிதம் மிச்சமாச்சு," என்றார் அவர், பின்னால் நின்ற வரிசைக்கும் கேட்கும்படி. வரிசை அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற மனைவியை முறைத்தது. அவள் துணிப்பைக்குள் எதையோ தேடுகிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிலர் செடி வளர்ப்பார்கள், சிலர் சர்க்கரையை வளர்ப்பார்கள். இவர் பூமியைக் காப்பாற்றக் கிளம்பினார். ‘தடமில்லாப் பயணி’ என்று ஒரு சேனல். வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பெயரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முப்பத்தொரு வருஷத்தில் அடுப்படியில் அவர் கால் பட்ட தடம் கிடையாது. வீட்டில் நாலு எவர்சில்வர் பாட்டில் இருக்க, பயணத்துக்கென்று ஐந்தாவது ஒன்று வாங்கினார். மூங்கில் பல்துலக்கி பெட்டிக்குள் பெட்டியாகக் கடல் தாண்டி வந்து இறங்கியது, விமானத்தில். பல்துலக்கி விமானம் ஏறலாம். அவள்தான் ஏறக் கூடாது.

சேனலின் முகப்பில் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். ‘நாங்கள் விமானம் ஏறாத நாட்கள்.’ இன்றைக்கு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. அந்த ‘நாங்கள்’ அவளைக் கேட்டு எழுதியதல்ல. பார்க்கிறவர்களுக்குக் குடும்பமாக இருந்தால்தான் பிடிக்கும் என்று அவரே எழுதிக்கொண்டது.

மகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். விமானத்தில் ஆறு மணி நேரம். கப்பல், ரயில், பஸ் என்று மாறி மாறிப் போனால் இருபத்தாறு நாள். ‘பேரக்குழந்தையைத் தேடி, தரைவழியே’ என்று ஒரு தொடருக்கே அவர் பெயர் வைத்துவிட்டார். இன்று காலை மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. ‘ரத்தக் கொதிப்பு இறங்கல. பத்து நாள்ல ஆபரேஷன் பண்ணி கொழந்தைய எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க. பயமா இருக்கும்மா. வர்றியா இல்லையா, ஒண்ணு சொல்லு.’ அதை அவரிடம் காட்டினாள். படித்துவிட்டு, "முதல்ல மியூசியம் முடியட்டும், அப்புறம் பேசலாம்," என்றார். பதில் இன்னும் போகவில்லை.

முதல் அறையில் ரோமிலிருந்து கண்காட்சிக்கு வந்த ஆள் உயர ஜாடிகள், ஒட்டுப் போட்டு நிறுத்தியவை. அவருடைய கைப்பேசியில் படம் பிடிப்பது அவள் வேலை. அவர் சட்டையில் மைக்கைச் செருகிக்கொண்டு குரலை மாற்றினார். "நண்பர்களே, ரோமானியர்கள் எதையும் வீணாக்கியதில்லை. இந்த ஜாடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள்."

காவலுக்கு நின்ற பெண் தொண்டையைச் செருமினாள். "சார், இந்த ரூம்ல இருக்கிறது மொத்தமும் அவங்க குப்பைமேட்டுல தோண்டி எடுத்தது. எண்ணெய் வந்த ஜாடி. ஒரு தடவ ஊத்திட்டு உடைச்சுப் போட்டுடுவாங்க. மலை மாதிரி கெடந்துச்சாம்."

மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எத்தனை மாதம் ஆயிற்று இப்படிச் சிரித்து. அவர் முகம் சுண்டிப்போனது. "இந்த இடத்த வெட்டிடலாம், வா," என்று அடுத்த அறைக்கு நடந்தார்.

அங்கே ஒரு கண்ணாடிப் பேழையில், உள்ளங்கை அளவில் ஒரு மண் கிண்ணம் தனியாக இருந்தது. ஒரு பக்கம் சின்ன மூக்கு. அவர் தயாரானார். "நண்பர்களே, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத எண்ணெய்க் கிண்ணம் இது."

"ஏங்க, அது எண்ணெய்க் கிண்ணம் இல்ல. பாலாடை. கொழந்தைக்குப் பால் புகட்டுறது."

"அப்படியா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, பாலை உறிஞ்சத் தெம்பில்லாமல், நாற்பது நாள் பாலாடையில்தான் குடித்தாள். இரண்டு மணிக்கொரு தரம், துளித் துளியாக. அந்த நாற்பது நாளும் இவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

"நல்லதாப் போச்சு," என்று மறுபடி ஆரம்பித்தார். "நண்பர்களே, பிளாஸ்டிக் இல்லை, ரப்பர் இல்லை. இதில் குடித்துத்தான் அந்தக் காலத்துக் குழந்தைகள் ஆரோக்கியமாக வளர்ந்தார்கள்."

கிண்ணத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. அவள் படித்தாள். ‘ஏறக்குறைய ஆறு மாதக் குழந்தையின் புதைகுழியில் கிடைத்தது. வாயருகே வைக்கப்பட்டிருந்தது.’

"வளரலைங்க," என்றாள்.

"என்னது?"

"அந்தக் கொழந்த வளரல. கீழ எழுதியிருக்கு, படிங்க."

அவர் குனியவில்லை. "அத யாரு படிக்கப் போறா? நீ கிண்ணத்த மட்டும் பிடி."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷனின் உத்தரவுக்கா காலையிலிருந்து காத்துக் கிடந்தோம் என்று அவர்மேல் ஒரு இளக்காரம் வந்தது. தன்மேலும் வந்தது. அந்தத் தாய் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத்தான் உள்ளே வைத்திருப்பாள் என்று ஏனோ தோன்றியது.

"நான் பிளேன்ல போறேன்," என்றாள்.

"மைக் ஆன்ல இருக்கு." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இருக்கட்டும். நாளைக்கே போறேன்."

"ஆறு வருஷம். எல்லாம் பூஜ்யமாயிடும், தெரியுமா?"

"ஆகாது. ‘நாங்கள்’னு இருக்கிறத ‘நான்’னு மாத்திக்கோங்க. உங்க நம்பர் அப்படியே ஓடும்."

அவருடைய கைப்பேசியைப் பேழையின் விளிம்பில் கண்ணாடியோடு சாய்த்து வைத்தாள். துணிப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, மகளின் எண்ணை அழுத்திக்கொண்டே நடந்தாள். காவல் பெண் ஒதுங்கி வழி விட்டாள்.

வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவர் பேழைக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தார், அட்டையைப் படிக்கவா கைப்பேசியை எடுக்கவா என்று அங்கிருந்து தெரியவில்லை. காதோரம் மணி அடித்துக்கொண்டிருந்தது. பதிவு இன்னும் நிற்கவில்லை. சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிய, சின்னத் திரையில் அந்த மூக்குக் கிண்ணம் மட்டும் இருந்தது.