ஓடுவது மட்டும் தெரியும்

"கையை எடு, நைனா." நாகவல்லி கத்தரிக்கோலை அப்பாவின் அரைஞாண் கயிற்றுக்கு அடியில் நுழைத்தாள்.

வேம்புலி இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பொணத்துக்குத்தாம்மே இத அறுப்பாங்கோ."

"தாயத்து கோத்துகினு கீறியே. உள்ள இருக்குறது காந்த மிஷினு. இஸ்துகினு போயிடும்."

"போனா இடுப்போட போவட்டும்."

அவள் புடவை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி முதலில் அதை அவர் இடுப்பில் கட்டினாள். பிறகுதான் கயிற்றை அறுத்தாள். இடுப்பு ஒரு நொடியும் வெறுமையாக இல்லை என்று, சட்டம் தெரிந்தவர் போல வேம்புலி தலையாட்டினார்.

இடது கன்னத்தில் காற்று பட்டாலும் மின்னல் வெட்டுகிற வலி அவருக்கு. ஆவடியில் பல் டாக்டர் ஒருவர் ஏழு நல்ல பற்களைப் பிடுங்கிவிட்டு, எட்டாவதன் மேல்தான் சந்தேகம் என்றார். சேக்காட்டில் வேம்புலியின் தங்கை அந்த வலியே வேஷம் என்றாள். நகரத்துப் பெரிய டாக்டர்தான், மூளைக்குள் முகத்து நரம்பை ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருக்கலாம் என்றார். படத்தில் தெரிந்தால் ஆபரேஷன், தெரியாவிட்டால் இல்லை. போன வாரம் ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோதே வலி வந்து அவர் உதைத்ததில், படம் மழையில் நனைந்த கோலம் போல வந்தது.

"இன்னிக்கும் ஆடிட்டேன்னா வுட்று. இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

கதவு சாத்தப்பட்டது. மிஷின் சம்மட்டி அடிக்கத் தொடங்கியது. கண்ணாடி வழியே நாகவல்லிக்கு அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. நடுவில் கால்விரல்கள் சுருண்டு இறுகின. வலி வந்துவிட்டது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கால் உதைக்கவில்லை. மெதுவாக விரல்கள் விரிந்தன.

"வந்துடுச்சும்மா." படம் எடுக்கும் உலகநாதன் திரையைக் காட்டினான். வெள்ளை நீருக்குள் சாம்பல் நூல் ஒன்று. "இதான் நரம்பு. மேல கறுப்பா ஒண்ணு வளைஞ்சு அமுக்குது பாருங்க."

"அப்ப வேஷம் இல்ல."

"யார் சொன்னா வேஷம்னு? அடுத்த படத்துல ரத்தக்குழாய்தானான்னு உறுதியாயிடும். அதுல வேற எதுவும் பெருசா தெரியாது, ஓடுற ரத்தம் மட்டும் வெள்ளையா பளிச்சுனு வரும்."

மிஷின் வேறு தாளத்தில் அடித்தது. நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

"காலையிலேர்ந்தே இது தகராறு பண்ணுது" என்று உலகநாதன் மிஷினைத் திட்டினான். மறுபடி எடுத்தான். மறுபடியும் கறுப்பு, வெள்ளையாக ஒரு கோடுகூட இல்லை.

"ஆடிட்டாரா?"

"இல்லியே. எல்லாரும் இப்படி அசையாம படுத்திருந்தா என் வேலை எவ்ளோ..."

மூன்றாம் முறை பொத்தானுக்குப் போன அவன் விரல் பாதியில் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பாதங்களும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவன் மைக்கில் குனிந்தான்.

"பெரியவரே."

பிறகு எழுந்து ஓடினான். கதவருகே நாகவல்லி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"மொதல்ல வந்துச்சே, அந்தப் படத்த அழிச்சிடாதீங்க, சார்."

உள்ளே படுக்கை தனக்கென்று வைத்திருக்கும் வேகத்திலேயே வெளியே நகர்ந்து வந்தது. வெளியே பெஞ்சில், அடுத்த ஆள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.