விடு என்றொரு பொத்தான்

1

இந்தக் கதையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன். அதனால் இடது கையால் எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், விஷயம் நேராகவே இருக்கும்.

கதை கிடைத்த விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. பக்கத்து நாற்காலியில் நாற்பதை நெருங்கும் ஒரு பெண். ஊசி போட்டு, தாடை மரக்கும்வரை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். மரத்துக்கொண்டே வரும் வாயோடு அவர் என்னிடம் இதைச் சொன்னார். தொடக்கம் கண்ணாடி போல இருந்தது. போகப் போக ப, ம, வ மூன்றும் ஒரே எழுத்தாகிவிட்டன. புரிந்த பாதி அவருடையது, புரியாத பாதி என்னுடையது. இரண்டும் உண்மைதான். ஒன்று நடந்த உண்மை, மற்றது நடந்திருக்க வேண்டிய உண்மை.

(நான் ஏன் பல் மருத்துவரிடம் போனேன் என்று கேட்காதீர்கள். என் வாயில் ஒரு பல்லும் கிடையாது. அங்கே மின்விசிறி நன்றாக ஓடும்.)

2

முதல் வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

இளவரசி நாணை இழுத்தாள்; எதிரே பாலத்தின் மேல் மண்டியிட்டிருந்தது அவளுடைய சொந்த—

வேண்டாம். விளையாட்டுக்குள்ளிருந்து தொடங்கினால் விளையாட்டு தெரியாதவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

மனிதனின் கைக்கும் கருவிக்கும் உள்ள உறவை வரலாற்று நோக்கில் ஆராயும்போது நாம் முதலில்—

தெரிந்தவர்களும் போய்விடுவார்கள்.

கத்தரிக்கு அன்று காலையில் முதல் வேலை, அறுபத்தொரு விசைகளைத் தீர்த்துக்கட்டுவது.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

கத்தரி என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். கத்தரிக்கோலின் சுருக்கம். காய் என்று நினைத்துக்கொண்டவர்களை அவள் திருத்தியதில்லை. கணினியில் ஓடும் விளையாட்டுகளை, டிவியில் மாட்டி சோபாவில் சாய்ந்துகொண்டு ஆடும் கன்சோலுக்கு மாற்றிக் கொடுப்பது அவள் வேலை. கேட்க எளிதாக இருக்கும். கணினிக்காரன் முன்னால் நூறு விசைகள் உள்ள பலகை இருக்கிறது. சோபாக்காரன் கையில் இருப்பதோ ஒரு கைப்பிடி; அதில் இரண்டு குச்சிகள், பன்னிரண்டு பொத்தான்கள். குச்சிகள் நடக்கவும் சுற்றிப் பார்க்கவும் சரியாகப் போய்விடும். மற்றதெல்லாம் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும்.

அவளிடம் வந்திருந்தது வேடமேற்று ஆடும் வகை விளையாட்டு. ஆடுபவர் ஓர் இளவரசியாகி, திருடுபோன அரச முத்திரையைத் தேடி நாடெல்லாம் அலைய வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் கணினியில் ஆடி, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டார்கள். நடப்பது தவிர அதில் செய்யக்கூடியவை அறுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை.*

* அறுபத்திரண்டு என்றும் கேட்டது போல இருந்தது. தும்மலாகவும் இருக்கலாம்.

3

இனிமேல் மறைப்பதில் பயனில்லை. அந்த விளையாட்டை எழுதியவள் கத்தரியின் அக்கா.

முதல் மூன்று வருடம் இருவரும் சேர்ந்து செய்தார்கள். அக்கா கதை எழுதினாள், தங்கை அதை ஓடவைத்தாள். நான்காம் வருடத்தின் முதல் திங்கட்கிழமை தங்கை ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: 'வேலை கிடைச்சிருக்கு.' அவ்வளவுதான். ஓடவைக்கும் வித்தையை அக்கா தானே கற்றுக்கொண்டு இன்னும் ஐந்து வருடம் தனியாக உட்கார்ந்து முடித்தாள். முடிவில் ஒரு காட்சி சேர்த்திருந்தாள். முத்திரையைத் திருடியது இளவரசியின் தங்கைதான். பாலத்தின் நடுவில் மண்டியிட்டுக் கிடக்கிறாள். ஒரு விசையை அழுத்தினால் அம்பு. வேறொரு விசையை அழுத்தினால் மன்னிப்பு.

விளையாட்டு வெளியான அன்றே கத்தரி வாங்கினாள். பாலம்வரை வந்தாள். கணினியை மூடிவைத்தாள்.

இருவருக்கும் வீடு ஒரே கட்டடத்தில், ஒருத்தி முதல் மாடி, ஒருத்தி மூன்றாம் மாடி. லிஃப்டில் சந்தித்தால் ஆளுக்கொரு பக்கம் நின்று, மாறும் மாடி எண்களைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிப்பார்கள். கன்சோல் வேலை தன் நிறுவனத்துக்கு வந்தபோது கத்தரிதான் முதலில் கை தூக்கினாள். அதற்குப் பிறகு கடிதப் போக்குவரத்து தொடங்கியது. 'மதிப்பிற்குரிய மூலக் கதையாசிரியர் அவர்களுக்கு' என்று கீழ்மாடியிலிருந்து போகும். 'மதிப்பிற்குரிய மாற்றுநர் அவர்களுக்கு' என்று மேல்மாடியிலிருந்து வரும். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்.

அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான். பாலத்தில் இரண்டு வழியும் இருக்க வேண்டும். ஆனால் 'கொல்லவா, மன்னிக்கவா' என்று திரையில் கேட்கக் கூடாது. 'கேட்டால் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள்' என்று காரணமும் எழுதியிருந்தாள்.

4

கத்தரி அறுபத்தொரு செயல்களையும் சீட்டுகளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்தாள். எட்டாம் நாள் கையில் பாலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அம்பு விடு. தூது விடு. குதிரையை விடு. பிடித்த கயிற்றை விடு. எதிரே வருபவனுக்கு வழி விடு. ஏரிக்கடியில் மூச்சு விடு. காவல்காரனிடம் கதை விடு. மாட்டிக்கொண்டால் கண்ணீர் விடு. சத்திரத்தில் குறட்டை விடு.

எண்ணிப் பார்த்தாள். இருபத்துமூன்று செயல்கள், ஒரே சொல். அப்படியானால் ஒரே பொத்தான். எதிரே இருப்பது ஏரியா, காவல்காரனா என்று பார்த்து விளையாட்டே முடிவுசெய்துகொள்ளும். மீதியை மற்றப் பதினொன்றில் அடைத்தாள். கைப்பிடி நிரம்பியது. பால் திரிந்தது. அவளுக்குத் தன்மேல் இருந்த மதிப்பு ஒரு சாண் உயர்ந்தது.

பாலம் மட்டும் மறந்துபோயிற்று. அம்பு விடுவதும் விடுதான். மன்னித்து விடுவதும் விடுதான்.

கன்சோல் நிறுவனத்தில் பரிசோதகர் ஒருவர் உண்டு. அவர் ஆடிப் பார்த்துச் சரி என்றால்தான் விளையாட்டு கடைக்குப் போகும். முதல் முறை இப்படி எழுதியனுப்பினார்: 'பாலத்தில் விடு என்று இருந்தது. பாவம் என்று விட்டேன். செத்துவிட்டாள். இரண்டு நாளாக மனது சரியில்லை.'

கத்தரி மாற்றிப் போட்டு அனுப்பினாள். இரண்டாம் முறை: 'இப்போது கொல்லவே முடியவில்லை. எட்டு முறை அழுத்தினேன். எட்டு முறையும் மன்னித்துவிட்டேன். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது.'

[இந்தப் பரிசோதகர்மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது. அந்தப் பெண் சொன்னது 'ஒருத்தன் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினான்' என்பது மட்டும்தான். மனது சரியில்லாமல் போனது என் கைங்கரியம். ஆளை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் கதையில் சிரிப்பதற்கு இடமில்லாமல் போகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.]

மூன்றாம் முறையும் திரும்பினால் வேலை வேறு நிறுவனத்துக்குப் போய்விடும். அவர்கள் பாலத்தையே வெட்டிவிடப் போவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தப் பாலம் ஒன்றுதான். அனுப்ப வேண்டிய நாள் திங்கள்.

5

சனிக்கிழமை மதியம், கத்தரி கன்சோலை ஒரு கையிலும் மடிக்கணினியை மறுகையிலும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். லிஃப்டில் போகவில்லை. படியில் போனால் நடுவில் திரும்பிக்கொள்ளலாம் என்று—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் திரும்பவில்லை.)

கதவைத் திறந்த அக்கா, மெயில் அனுப்பியிருக்கலாமே என்றாள். மெயிலில் கட்டைவிரலை அனுப்ப முடியாது என்றாள் தங்கை. டிவியில் ஒரு விரற்கடைத் தூசி. கன்சோலை மாட்டி, கைப்பிடியைக் கொடுத்தாள். அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்தாள். தங்கை திருப்பிக் கொடுத்தாள். விரல்கள் படவில்லை. பட்டதாக எழுத எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"எதை அமுக்கணும்?"

"ஒண்ணுதான். விடு."

"மூச்சு விடவும் இதான், கதை விடவும் இதானா?"

"ஆமாக்கா. ஆளுக்கு ஆள் தனியா எதுக்கு."

அக்காவின் உதடு ஒரு ஓரத்தில் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்பு இருந்த இடம் என்று சொல்லலாம்.

பாலம் வந்தது. தங்கை மண்டியிட்டிருந்தாள், திரையில். மற்றவள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள்.

பொத்தானை அழுத்தினால் இளவரசி நாணை இழுப்பாள், விரலை எடுத்தால் அம்பு போய்விடும் என்று விளக்கினாள் கத்தரி.

"மன்னிக்கணும்னா?"

"விரல எடுக்காம இருக்கணும். இருந்துட்டே இருந்தா கை ஓஞ்சு அவளே வில்ல இறக்கிடுவா."

"அப்போ அவள விடணும்னா நான் விடக் கூடாது."

"அதேதான்."

"என் கதையில இப்படி இல்லையே."

"உன் கதையில ரெண்டு கீ இருந்துச்சு. என்கிட்ட ஒரு பட்டன்தான் இருக்கு."

அக்கா அழுத்தினாள். நாண் முறுகும் ஓசை அறையை நிரப்பியது. ஐந்து நொடி. பத்து. பதினைந்து. கட்டைவிரல் நகம் வெளுக்கத் தொடங்கியது.

"எவ்வளவு நேரம்டி பிடிக்கணும்?"

கத்தரி மடிக்கணினியைத் திறந்தாள். அந்த நேரத்தை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருந்தாள். ஆனால் அக்கா பேசி முடித்துவிட்டுத்தான் அழுத்துவாள் என்று நினைத்திருந்தாள். கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படித் தப்புக்கணக்குப் போட கூடப் பிறந்தவளால் மட்டும்தான் முடியும்.

"எண்ணு போடலக்கா. அதக் கேக்கத்தான் வந்தேன். எத்தன நொடின்னு நீதான் சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"முடியவே முடியாது. பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"நீயே ஒண்ணு போட வேண்டியதுதானே."

"நான் போட்டா ரொம்பச் சின்னதா போட்டுடுவேன்."

அக்கா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அழுத்தும் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள்.

"போறப்போ ஏன் நேர்ல ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்."

"போகாம இருந்திருந்தா?"

"தினமும் உன்னோட சண்ட போட்டிருப்பேன். கதை நல்லா வந்திருக்காது."

"எனக்குக் கதை நல்லா வரணும்னு யாருடி சொன்னா?"

எண் போடும் இடத்தில் கோடு மினுக் மினுக்கென்று காத்திருந்தது. கத்தரி இரண்டு கைகளையும் விசைகள்மேல் வைத்துக்கொண்டாள். அக்கா நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

6

இங்கே வந்து நான் நின்றேன். பேனா நிற்கவில்லை, அது பாட்டுக்கு மூன்று முடிவுகள் எழுதியது.

அக்கா ஓர் எண் சொல்கிறாள். தங்கை தட்டுகிறாள். அந்த நொடி வந்ததும் இளவரசி வில்லை இறக்குகிறாள். அக்கா கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு, சிவந்த விரலை உதறிக்கொண்டே, சாப்பிட்டியா என்று கேட்கிறாள். திங்கட்கிழமை பரிசோதகர் எழுதுகிறார்: 'பாலத்தில் அழுதேன். இது குறையா, வசதியா என்று தெரிவிக்கவும்.' இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதை நம்புவதில்லை.

அல்லது வியர்வையில் விரல் வழுக்குகிறது. அம்பு போகிறது. "நான் இல்லடி, விரல்," என்கிறாள் அக்கா. தெரியும் என்கிறாள் தங்கை. இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள். யார் என்று தீர்மானிக்க எனக்குத் துணிவில்லை.

அல்லது கைப்பிடியில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இதை எழுதினால் வீடு தேடி வந்து அடிப்பீர்கள். அடிக்கத்தான் வேண்டும்.

உண்மையில் அக்கா சொன்ன எண்ணை அந்தப் பெண் என்னிடம் சொல்லவே செய்தார். ஆனால் அதற்குள் நாக்கும் மரத்துவிட்டது. ஏதோ ஒரு 'பது'. முப்பதா, ஒன்பதா, எண்பதா? மறுபடி கேட்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நொடியா, நிமிடமா என்றும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது அவர் வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே போனார். அவரைத் தங்கை என்றே நினைத்திருந்தேன்; தேய்க்க வேண்டியது அக்கா அல்லவா என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

ஆகவே எண்ணை நான் போடப்போவதில்லை. உங்களுக்கும் யாராவது ஒருவர் பாலத்தில் மண்டியிட்டிருப்பார். அல்லது நீங்கள் யாருடைய பாலத்திலாவது. எத்தனை நொடி பிடித்தால் கை ஓயும் என்று உங்கள் கட்டைவிரலுக்குத் தெரியும். இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன், நிரப்பிக்கொள்ளுங்கள்:

விடு = ____ நொடி.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. அந்த விளையாட்டு தமிழில் வந்ததே கிடையாது. அது வந்த மொழியில் அம்பு எய்வதற்கு ஒரு சொல், மன்னிப்பதற்கு முற்றிலும் வேறொரு சொல்.